சிக்னல் பக்கத்தில் வீட்டுக் கேட்: ஒரு கண்ணாடி மாட்டினால் போதுமா?

வாசகர் கேள்வி, 11.06.2023

கோவையில் மெயின் ரோட்டு மேல் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. கேட்டுக்கும் சிக்னலுக்கும் ஐம்பது அறுபது அடிதான். இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர் உயரம், கார் வெளியே வரும்போது ரோடே தெரியவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வளைவுக் கண்ணாடி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்கிறார் புரோக்கர். இந்த மாதிரி வீட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள், கண்ணாடி போதுமா?

12.06.2023

போதாது.

மருதமலை ரோட்டுப் பக்கம் அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறேன். எந்தச் சந்திப்பு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கதவு எண்ணையே கொடுத்த மாதிரி. 1994-இல் அப்பா கட்டிய வீடு, மூலை மனை. கேட்டை விட்டு வெளியே வந்தால் இடது கைப் பக்கம் நாற்பது அடியில் மூலை, மூலையைத் தொட்டாற்போல் சிக்னல். வண்டிகள் வருவது வலது கைப் பக்கத்திலிருந்து. நடுவே மீடியன் இருப்பதால் இடது பக்கம் மட்டும்தான் திரும்ப முடியும்.

கட்டின புதிதில் ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போவோம். அப்புறம் ரோடு போட்டார்கள், அதன் மேல் போட்டார்கள், அதற்கும் மேல் போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பதெல்லாம் பின்னால் வந்த ஞானம். இப்போது ரோட்டிலிருந்து ஒன்றரை அடி இறங்கினால்தான் எங்கள் வாசல். கார் வெளியேற கேட்டுக்கு உள்ளேயே ஒரு சரிவு போட்டிருக்கிறோம். அதில் ஏறும்போது முன்கண்ணாடியில் ரோடு தெரியாது. வானம் தெரியும், கேபிள் ஒயர் தெரியும், சில நாள் ஒயரில் ஒரு காக்கா.

ஏறி முடித்தால் வலது பக்கம் இளநீர் வண்டி. அதை ஒட்டி எந்நேரமும் ஒரு டாடா ஏஸ். இடது பக்கம் டிரான்ஸ்ஃபார்மர். இந்த மூன்றும் சேர்ந்துதான் எங்களை மறைக்கின்றன. வாங்குவதாக இருந்தால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

13.06.2023

கண்ணாடி பற்றிக் கேட்டீர்களே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்களிடம் 2019-இலிருந்தே இருக்கிறது. எதிரே டயர் கடைக்காரர் தன் சுவரில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். கரண்ட் கம்பத்தில் மாட்டக்கூடாது என்று அவர்தான் தடுத்தார், நல்ல மனிதர்.

40 கொண்டை ஊசி வளைவு கொண்ட வால்பாறை மலை ரோட்டில் இந்தக் கண்ணாடி உபயோகமாக இருக்கிறது என்றால், அங்கே எல்லோரும் ஊர்ந்து வருகிறார்கள், ஹார்ன் அடிக்கிறார்கள், வளைவு வரப்போவது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாசலில் ஒரு கேட் இருப்பதே பைக்கில் வருபவனுக்குத் தெரியாது. கண்ணாடியில் பைக் கொசு அளவு தெரியும். கொசு தூரத்தில் இருக்கிறது என்று மனசு நம்பும். நம்பி எடுத்தால் கொசு பக்கத்தில் வந்து பல்சராக நிற்கும்.

போதாததற்கு இடம் வலம் மாறித் தெரியும். வலது பக்கம் வருகிற வண்டி கண்ணாடியில் இடது பக்கம் தெரிந்து குழப்பும்.

13.06.2023, இரவு

மேலே கடைசி வரி தப்பு. யாரோ ஒருவர் "அக்கா, போய்ப் பாத்துட்டு எழுதுங்க" என்று போட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். வலது பக்கம் வருவது கண்ணாடியிலும் வலது பக்கம்தான் தெரிகிறது. எழுத்துதான் திரும்பித் தெரியும். டயர் கடை எதிரே பஸ் போர்டைக் கண்ணாடியில் படிக்கிற கெட்ட பழக்கத்தில் கலந்துவிட்டது. நாலு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், இது தெரியவில்லை.

15.06.2023

"பைக்காரன் பார்த்தால் பிரேக் அடிக்க மாட்டானா" என்று கேட்டவருக்கு: 40 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். பார்த்து, பிரேக்கை அழுத்தி, நிற்க 25 மீட்டராவது வேண்டும். எங்கள் ரோட்டில் 40 என்பது காலை ஆறு மணிக்குப் பால் வண்டி போகிற வேகம்.

16.06.2023

இங்கே ஒரு சிவில் எஞ்சினியர் இருக்கிறார் போல. என் 25 மீட்டர் நல்ல டயர், நல்ல ரோடு, விழித்திருக்கும் ஆள் என்கிற கணக்காம். ரோடு வடிவமைக்கிறவர்கள் அப்படிப் போட மாட்டார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி இல்லை, 1934-இல் தொடங்கிய பொறியாளர் அமைப்பு) கணக்கில் ஒருவர் பார்த்து உணர்ந்து காலை அழுத்தவே இரண்டரை வினாடி. அதையும் சேர்த்து 40 கி.மீ. வேகத்துக்கு 45 மீட்டர், 50-க்கு 60, 60-க்கு 80 மீட்டர் முன்னால் தெரிய வேண்டும்.

இரண்டரை வினாடி ரொம்ப அதிகம் என்றுதான் முதலில் பட்டது. அப்புறம் போனைக் காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே செருகிக்கொண்டு போகிறவர்களை நினைத்தேன். குறைவுதான்.

19.06.2023

திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். இளநீர் வண்டியையும் டாடா ஏஸையும் அப்புறப்படுத்தக் கோரி. மனு எண் கிடைத்தது. மனு எண் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த திருப்தி வருகிறது, அது எப்படி என்று தெரியவில்லை.

04.07.2023

இன்றைக்கு நடந்ததை ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதே கால். சிவப்பு விழுந்து வரிசை எங்கள் கேட்டைத் தாண்டி நிற்கிறது. எனக்கு அதுதான் வழக்கமான நேரம், எல்லோரும் நிற்கும்போது மூக்கை நுழைத்து வரிசையில் சேர்ந்துகொள்வேன். ஒரு டவுன் பஸ் கேட்டுக்கு முன்னால் இடம் விட்டு நின்றது. டிரைவர் என்னைப் பார்த்தார், கையை அசைத்து "போங்க" என்றார். மகராசன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எடுத்தேன்.

பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கிற மூன்றடிச் சந்தில் ஒரு பைக் வந்தது. பஸ் மறைத்ததால் அவனுக்கு நான் தெரியவில்லை, எனக்கு அவன் தெரியவில்லை. என் ஹெட்லைட்டில் அவன் முன்சக்கரம் முட்டி நின்றது. முட்டியது என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டது. உயிர் போய் உயிர் வந்தது.

"ஏனுங்க, பாத்து வரமாட்டீங்களா?"

நான் பஸ் டிரைவரைக் காட்டினேன். அவர் தன் சைடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

05.07.2023

ஒரே இரவில் முப்பது பேர் டிரைவரைத் திட்டியிருக்கிறீர்கள். அவர் பாவம். "என் பஸ் உங்களை இடிக்காது" என்பதற்கு மட்டும்தான் அவர் கை ஜவாப்தாரி. மற்ற யாரைப் பற்றியும் அவர் சொல்லவில்லை, நான்தான் சேர்த்துப் படித்துக்கொண்டேன். அவர் பச்சை விழும் வரை நெருக்கி நின்றிருந்தால் எனக்கு ஆபத்தே இல்லை.

அப்பாவிடம் சொன்னதற்கு, "கை காட்டுனா கும்பிட்டுட்டு அங்கயே நில்லு அம்மிணி" என்றார். சரிதான். ஆனால் நிற்க முடிவதில்லை. ஒருத்தர் நமக்காக இடம் விட்டு, பின்னால் நாலு பேர் ஹார்ன் அடிக்க, நாம் அசையாமல் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு மாதிரி இருக்கிறது.

11.07.2023

இளநீர் வண்டி போய்விட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், டயர் கடைக்கும் அப்பால் தள்ளிவிட்டார்கள். டாடா ஏஸ் அங்கேயேதான் நிற்கிறது. மனு யாரை அசைக்கும் யாரை அசைக்காது என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

24.07.2023

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்றால் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கண்ணாடி சுற்றிக்கொண்டு டயர் கடை மாடியைப் பார்க்கிறது. இன்று காலை கேட்டைத் திறந்து அண்ணாந்து பார்த்தால், மாடியில் ஒரு அம்மா பல் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

அதைத் திருப்பப் போன ஆளிடம் கேட்டேன், இது எத்தனை நாளாக இப்படி என்று. "நாலஞ்சு நாளாச்சுங்க்கா." நாலைந்து நாளாகக் கண்ணாடியைப் பார்த்துத்தான் வண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். என்ன பார்த்தேன்?

25.07.2023

"ரிவர்ஸில் வெளியே வாருங்கள், அதுதான் பாதுகாப்பு, டிரைவர் பின்பக்கத்துக்குத்தான் கிட்டே உட்கார்ந்திருக்கிறார்" என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர். அபத்தம் என்று எழுத ஆரம்பித்து, சந்தேகம் வந்து டேப் எடுத்து அளந்தேன். என் வேகன் ஆரில் கண்ணிலிருந்து முன் பம்பர் முனை ஆறே முக்கால் அடி. கண்ணிலிருந்து பின் பம்பர் ஐந்தே கால் அடி. ஆக அவர் சொன்னது அளவில் சரி.

இருந்தாலும் ரிவர்ஸில் வர மாட்டேன். பின்னால் திரும்பினால் சீட்டுத் தலையணை, பின் தூண், குழந்தை சீட்டு, அதற்கு மேல் டிஷ்யூ டப்பா. கேமரா நேர் பின்னால் இருப்பதைக் காட்டும், பக்கவாட்டில் வருகிறவனை அவன் நேர் பின்னால் வந்தபிறகு காட்டும். இதற்காகத்தான் இரவு வீட்டுக்கு வரும்போதே ரிவர்ஸில் இறக்கி, மூக்கு ரோட்டைப் பார்த்தபடி நிறுத்துகிறேன். ரிவர்ஸில் உள்ளே போகும்போது பின்னால் இருப்பது எங்கள் வீட்டு நாய் மட்டும்.

ஆனால் ஆறே முக்கால் என்கிற எண் தூங்கவிடவில்லை. நடைபாதை ஐந்தடி. கண் சுவரின் கோட்டுக்கு வருவதற்குள் பானெட் நடைபாதையைத் தாண்டி ரோட்டில் இன்னும் ஒன்றே முக்கால் அடி நீண்டிருக்கும். அதாவது நான் பார்ப்பதற்கு முன்னால் கார் ரோட்டுக்கு வந்தாகிவிட்டது.

30.07.2023, ஞாயிறு

இன்று சாக்பீஸ் எடுத்துக்கொண்டு இறங்கினேன். காரை நடைபாதை விளிம்பில் மூக்கு தொடும்படி நிறுத்திவிட்டு சீட்டில் உட்கார்ந்தேன். தங்கை பையன் நடைபாதை ஓரத்திலிருந்து நாலடி தள்ளி, பைக் வரும் தடத்தில், சாக்பீஸோடு ரோட்டில் பின்னால் பின்னால் நடந்தான் (காலை ஐந்தரை மணி, அவன் அம்மா காவல்). அவன் தலை எப்போது மறைகிறதோ அங்கே கோடு.

என் வலது பக்கம் 23 அடி. அவ்வளவுதான். ஏழு மீட்டர்.

தேவை 45 மீட்டர், கிடைப்பது ஏழு. 40-இல் வருகிறவன் எனக்குத் தெரிந்த அரை வினாடியில், முக்கால் வினாடிக்குள், கதவில் இருப்பான்.

இனிமேல் எழுதப்போவது கஷ்டமாக இருக்கிறது. அவன் தலையை மறைத்தது டாடா ஏஸ் இல்லை. டாடா ஏஸ் நிற்பது முப்பதாவது அடியில். இளநீர் வண்டி நின்றது இருபத்தைந்தாவது அடியில், சக்கரத் தடம் இன்னும் இருக்கிறது. இரண்டுமே கோட்டுக்கு அந்தப் பக்கம். அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிவது அதே 23 அடிதான். மறைத்தது எங்கள் காம்பவுண்டு சுவர். கேட்டின் வலது தூணிலிருந்து பதினெட்டு அடி நீளம், அதற்கப்புறம் பக்கத்து மருந்துக்கடைக்குச் சுவரே கிடையாது, வெறும் பார்க்கிங்.

உள்ளே இருந்து ஆறடிச் சுவர். ரோடு உயர்ந்துவிட்டதால் வெளியே நிற்பவருக்கு நாலரை அடி. அதனால்தான் வெளியே நின்று பார்க்கும்போதெல்லாம் "சுவர் தாழ்வாத்தானே இருக்கு" என்று தோன்றும். காரில் உட்கார்ந்தால் கண் நாலடி உயரத்தில். அரை அடியில் மறைக்கிறது. அந்த அரை அடிக்கு மேல் அம்மா வைத்த காகிதப்பூச் செடி.

12.06 குறிப்பில் குற்றவாளிகள் என்று மூன்று பேரை எழுதியிருக்கிறேன். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

31.07.2023

அப்பாவிடம் சொன்னேன்.

"சுவத்தை இடிக்கோணும்ங்கிறியா?"

"பாதிதானுங்கப்பா."

"கள்ளன் பாதிதான் எடுப்பானா?"

1996-இல் மோட்டார் திருடு போனது. அதற்கப்புறம்தான் சுவர் மேல் பாட்டில் கண்ணாடி பதித்தார். பேச்சு அத்தோடு நின்றது.

18.08.2023

ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் இளநீர் குடித்தேன். மனு நான்தான் கொடுத்தேன் என்று சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. "முன்ன நின்ன எடம் நல்ல எடமுங்க்கா, உங்க காம்பவுண்டு நெழல்" என்றார். காய் முற்றல்.

06.11.2023

இந்தக் கேள்வி-பதில் இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். எங்கள் சந்திப்பிலும் சிக்னலை எடுத்துவிட்டார்கள். கோவையில் இப்போது இதுதானே முறை, சிக்னலை அணைத்து, மீடியன் இடைவெளியை மூடி, ரவுண்டானா அல்லது கொஞ்ச தூரத்தில் யு-டர்ன். லாலி ரோட்டில் ரவுண்டானா வந்தபோது நானே புகழ்ந்திருக்கிறேன், இப்போதும் மறுக்க மாட்டேன். நம் எஞ்சினியர் கணக்குச் சொன்னார்: நாலு ரோடு கூடும் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32. அதையே ஒற்றைத் தட ரவுண்டானாவாக மாற்றினால் 8.

எங்கள் கேட் அந்த 32-இலும் இல்லை, 8-இலும் இல்லை.

சிக்னல் இருந்தவரை சிவப்பு விழும், வரிசை நிற்கும், நான் சேர்வேன். இப்போது ஓட்டம் நிற்பதே இல்லை. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை எங்கள் கேட்டுக்கு முன்னால் ஓடுவது ஆறு. நேற்று பதினொரு நிமிடம் சரிவில் கால் பிரேக்கில் வைத்துக் காத்திருந்தேன். பதினொரு நிமிடம் காத்திருந்தவர் பன்னிரண்டாவது நிமிடத்தில் எடுக்கிற முடிவு எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

07.11.2023

"சிக்னல் போனது உங்களுக்கு மட்டும்தான் நஷ்டம், ஊருக்கு லாபம்" என்றவருக்கு: ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். நான் ஊரைப் பற்றி எழுதவில்லை, பத்தடி கேட்டைப் பற்றி எழுதுகிறேன்.

22.11.2023

இன்னொன்று ஆரம்பித்திருக்கிறது. மூலையிலிருந்து மருந்துக்கடை அறுபத்தைந்து அடி தூரம். முறைப்படி போவதென்றால் அடுத்த யு-டர்ன் வரை போய்ச் சுற்றி வர வேண்டும், ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. மாத்திரை வாங்க எவன் போவான்? எங்கள் சுவரை ஒட்டி ராங் சைடில் வருகிறார்கள். முதலில் ஒருத்தர் இரண்டு பேர், இப்போது அது ஒரு பாதை மாதிரியே ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போன வாரம் அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்க ஸ்கூட்டியில் நானும் அப்படித்தான் போனேன்.

கண்ணாடி திரும்பியிருப்பது வலது பக்கம். என் கழுத்து திரும்பியிருப்பது வலது பக்கம். "வலது, இடது, மறுபடி வலது" என்று அப்பா சொல்லிக்கொடுத்த பாடத்தில் இடதுக்கு ஒரு பங்குதான்.

08.12.2023

ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். சைக்கிள். இடது பக்கமிருந்து, நடைபாதை மேலேயே.

வேகம் எதுவும் இல்லை. நான் ஊர்ந்துகொண்டிருந்தேன், கண் வலது பக்கம் இருந்தது. டக் என்று ஒரு சத்தம், வாளி உருண்ட மாதிரி. பார்த்தால் பானெட்டுக்கு முன்னால் ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் மட்டும் தெரிகிறது. ஆள் தெரியவில்லை.

அந்த இரண்டு வினாடியைப் பற்றி எழுத மாட்டேன்.

எழுந்து நின்றுவிட்டாள். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் என்னைப் பார்க்கவில்லை, டிபன் டப்பாவைத்தான் தேடினாள். அது எங்கள் சரிவில் உருண்டு உள்ளே போய்விட்டது. மூடி திறந்து எலுமிச்சம் சாதம் சிமெண்டில் கொட்டிக் கிடந்தது. அப்பா உள்ளே இருந்து வந்தார், டப்பாவை எடுத்தார், "அடி பட்டுச்சா சாமி?" என்றார். இல்லீங்க என்றாள். "ஏங்கண்ணு, ரோட்டுல போகாம இதுல எதுக்கு வந்தே?" "ரோட்டுல பயமா இருக்குதுங்க தாத்தா."

அம்மா இரண்டு இட்லி வைத்து டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பா அந்தப் பெண்ணை மூலை தாண்டி விட்டுவிட்டு வந்தார். வந்து, சுவரை வெளிப்பக்கமாக நின்று பார்த்தார். அப்புறம் என்னிடம் சாவி வாங்கி, கார் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் அந்த சீட்டில் உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் டிவிஎஸ் எக்ஸ்எல் ஆள். எக்ஸ்எல்லில் கண் சுவருக்கு மேலே போய்விடும், கண்ணுக்கு முன்னால் மூன்றடி சக்கரம் மட்டும்தான் நீளும். அவருக்கு அந்தச் சுவர் என்றைக்கும் மறைத்ததில்லை.

09.12.2023

நலம் விசாரித்த எல்லோருக்கும்: பாப்பா நன்றாக இருக்கிறாள். இன்றைக்கும் நடைபாதையில்தான் போனாள். கேட்டில் நின்று இறங்கி, எட்டிப் பார்த்து, தள்ளிக்கொண்டு போனாள். அவள் எட்டிப் பார்க்க வேண்டி வந்துவிட்டது.

யார் மேல் தப்பு என்று சட்டம் பேசுகிறவர்களுக்கு: வீட்டிலிருந்து ரோட்டுக்கு வருகிறவர்தான் வழி விட வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடைபாதையில் சைக்கிள் வந்தது வேறு கணக்கு. அவள் நடந்து வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

21.01.2024

பொங்கல் முடிந்து ஆள் கிடைத்தது. சுவர் இறங்கிவிட்டது.

எவ்வளவு இறக்குவது என்பதற்கு எஞ்சினியர் ஒரு விதியைக் கொடுத்தார். தேசியக் கட்டிட விதித் தொகுப்பில் மூலை மனைக்கென்றே இருக்கிறது: மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 10 மீட்டர் நீளத்துக்குச் சுற்றுச்சுவர் 75 செ.மீ. உயரம்தான் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டுமானால் பார்வை ஊடுருவும் கம்பி வேலி. அது ஒரு முன்மாதிரி விதிதான், பிளான் அனுமதிக்கு அந்தந்த மாநில விதிதான் அடிப்படை. ஆனால் முப்பது வருடமாக நான் இந்த வரியைக் கேள்விப்பட்டதே இல்லை. கட்டின மேஸ்திரியும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இந்த ரோட்டில் உள்ள மூலை வீடுகளை எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஏழிலும் ஆளுயரச் சுவர்.

அந்த விதிப்படி இடது பக்கச் சுவருக்கு மட்டும்தான் வேலை. நாங்கள் வலது பக்கத்துப் பதினெட்டு அடியையும் சேர்த்து, வெளியிலிருந்து இரண்டரை அடிக்கு இறக்கினோம். கட்டிங் மெஷின் இரண்டு நாள் அலறியது. பாட்டில் கண்ணாடித் துண்டுகளை அப்பா தானே உளியால் எடுத்தார், கூலிக்காரப் பையன் கையைக் கிழித்துக்கொள்வான் என்று. பச்சை, பழுப்பு, வெள்ளை, ஒரு சாக்கு நிறைய. காகிதப்பூ பின்பக்கம் போய்விட்டது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

மறுபடி சாக்பீஸ். இப்போது வலது பக்கம் மருந்துக்கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, மூன்றாவது கரண்ட் கம்பம் வரை தெரிகிறது. காலடியால் அளந்தேன், 60 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இடது பக்கம் மூலை முழுசும் தெரிகிறது. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஒரு விரல் அளவு மறைக்கிறது.

ஆனால் முப்பதாவது அடியில் டாடா ஏஸ் நின்றால் மூன்றாவது கம்பம் போய்விடுகிறது. இப்போதுதான் அது நிஜமாகவே மறைக்கிறது. மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், வண்டி அவர் மச்சானுடையதாம். மனு எழுதவில்லை. இரண்டு நாளில் பார்க்கிங்குக்கு உள்ளே தள்ளி நிறுத்தினார்கள்.

23.01.2024

"அப்போ கண்ணாடியை எடுத்துட்டீங்களா?" இல்லை. இருக்கட்டும், இடது பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆடி வரைக்கும்.

ஒரு திருத்தம்: 12.06-இல் "போதாது" என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். சுவர் உங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது, இடிக்க முடியாது என்றால் கண்ணாடி ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. கேட் கேட்டிலிருந்து உள்ளே ஏழடி தள்ளி சமதளம் இருந்தால் அதைவிடப் பரவாயில்லை. சரிவில் நின்று வானத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கலாம்.

"கேட் கேட்டிலிருந்து" என்று எழுதியிருக்கிறேன். கேட்டிலிருந்து.

17.02.2024

கேள்வி கேட்டவர் எட்டு மாதம் கழித்து வந்து "வாங்கிட்டேன்" என்கிறார். இந்த இழையைப் படித்தாரா இல்லையா என்று சொல்லவில்லை. சுவர் உயரத்தை அளந்து போடச் சொல்லியிருக்கிறேன். நின்றுகொண்டு அளக்காதீர்கள், சீட்டில் உட்கார்ந்து.

10.03.2024

வெயில் ஆரம்பித்துவிட்டது. இளநீர்க்காரர் வந்து அப்பாவிடம் கேட்டிருக்கிறார், பழைய இடத்துக்கு வரலாமா என்று. இருபத்தைந்தாவது அடி. சுவர் உயரமாக இருந்தபோது அவர் அங்கே நின்றால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மனு போட்டுத் துரத்தினேன். இப்போது நின்றால் சரியாகப் பைக் வரும் தடம் மறையும், வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். இதை அவருக்கு எப்படி விளக்குவது? போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதற்குள் முடிவு சொல்லிவிட்டார்.

"உள்ள வந்து போட்டுக்கப்பா. சுவருக்கு இந்தப் பக்கம்."

20.03.2024

வண்டி இப்போது எங்கள் வாசலுக்குள், இடது மூலையில், வேப்ப மரத்தடியில் நிற்கிறது. இரண்டரை அடிச் சுவர்தான் கவுண்டர். வெட்டின காயைச் சுவர் மேல் வைக்கிறார், வெளியே நிற்பவர்கள் எடுத்துக் குடிக்கிறார்கள். குடிக்கிறவர்கள் பைக்கை எங்கே நிறுத்துவார்கள்? கேட்டுக்கு முன்னால்தான். அப்பா அங்கே பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறார், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினால் காய் கிடையாது.

இன்று காலை காரை எடுத்தேன். இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு "ரைட்டு, போலாங்க" என்று கை காட்டினார். கும்பிட்டுவிட்டு நின்றேன். இடது பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டி, ராங் சைடில், பின்னால் கேஸ் சிலிண்டரோடு போனது. அப்புறம் எடுத்தேன்.

காய் நாற்பது ரூபாய். எங்களுக்கு முப்பத்தைந்து.